இருபத்து மூன்று இடது சப்பாத்துகள்

வந்திருந்தோர்:

திருமதி அன்னம்மா, தலைமையாசிரியை.
திரு. சிவசாமி, துணைத் தலைமையாசிரியர்.
குமாரி ராகினி, காட்சிக்கலைக் கல்வி ஆசிரியை.
ஜனாப் ஹபீபுல்லா, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில்.
திரு. திவாகர், கணித ஆசிரியர், குறிப்பெடுப்பவர்.
வராதவர் எவருமில்லை.

திவாகர் கூட்டக் குறிப்பில் எழுதியது இவ்வளவுதான். அலமாரிமேல் வரிசையாக நின்ற முப்பத்தெட்டுப் பரிசுக் கோப்பைகளை அவர் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும். அன்று அந்த அறையில் யாரையும்விட அதிகமாகப் பேசியவை அவைதான்.

பள்ளி குருபோங்கில் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டப் பள்ளி. தோட்டத்தை அழித்துத் தொழிற்சாலைகளும் தாமான் குடியிருப்பு வீடுகளும் கட்டியபோது பள்ளிக்கும் ஒரு துண்டு நிலம் கொடுத்து, பழைய பெயரையும் கூடவே கொடுத்துவிட்டார்கள். பெற்றோரில் பாதிப் பேருக்கு ஷிப்டு வேலை. கட்டடத்தின் கடைசியில் இருப்பது காட்சிக்கலை அறை. தரையில் வெள்ளை ஓடு பதித்திருப்பதால் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த விதியைப் போட்டவர் சிவசாமி. கோப்பைகளை வாங்கித் தந்தவரும் அவர்தான். பத்தொன்பது வருஷம் அந்த அறை அவருடையது. ராகினி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

கோப்பைகள் வந்த விதம் எல்லோருக்கும் தெரியும். சிவசாமியிடம் ஒரு படம் இருந்தது. கடற்கரை, இரண்டு படகு, சாய்ந்த தென்னை மூன்று, மலைக்குப் பின்னால் பாதிச் சூரியன். பிள்ளை ஒவ்வொன்றும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வரையும்வரை விடமாட்டார். போட்டியின் தலைப்பு 'என் நாடு' என்றால் படகில் கொடி ஏறும். 'டெங்கியை ஒழிப்போம்' என்றால் படகுக்கு மேலே கொசு பறக்கும். 'சாலைப் பாதுகாப்பு' என்று ஒருமுறை வந்தபோது கடலுக்கு முன்னால் ஒரு சாலையும் அதில் வரிக்கோடும் வந்தன. மாவட்டத்தில் இரண்டாம் பரிசு. காரை எடுத்தால் முக்கால் மணி நேரத்தில் செர்காம் கடற்கரை. அங்கே போய் ஒரு படகைப் பார்த்த பிள்ளை அந்த வகுப்பில் எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அந்தக் கூட்டம். அரசாங்கத்தின் பாடத்திட்ட ஆவணத்தில் கற்றல் தரமெல்லாம் அச்சாகி இருந்தது. அதை இந்தப் பள்ளி எப்படி அடையும், அடைந்ததை எப்படி அளக்கும் என்று 'பாரம்' எனப்படும் ஒரு படிவத்தை நிரப்பி மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். ஐந்தாம் ஆண்டுக்கு ஒரே ஒரு நோக்கம். பாரத்தில் மூன்று பெட்டி: மாணவர் என்ன செய்வார், எந்தச் சூழலில் செய்வார், எத்தனை பேர் செய்தால் போதும்.

சிவசாமி தன்னுடையதை வீட்டிலேயே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். "மாணவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் தாளின் வெள்ளை தெரியாமல் ஒரு படத்தை முழுமையாக வண்ணமிட்டு முடிப்பர். போட்டிச் சூழலில். இருபத்து மூன்று பேரில் இருபது பேர்." படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அவ்ளோதான். மணியப் பாரு, தாளப் பாரு, டிக் பண்ணு."

ராகினி தன்னுடையதைப் படித்தாள். "மாணவர்கள் உற்றுநோக்கும் ஆற்றலைப் பெறுவர்."

"பெத்தாங்களா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்?" என்றார் சிவசாமி. "மண்டையத் திறந்து பாக்கறதா?"

திவாகர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் குனிந்து எழுதினார்.

சிவசாமி சொன்னது சரி. ராகினிக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். அவள் எழுதிய வாக்கியத்தை எந்தப் பள்ளியும் எந்த வருஷமும் எழுதலாம், எந்த வருஷமும் அடைந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். கல்லூரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். எழுதும்போது மட்டும் மறந்துபோயிருந்தது.

"சாரோடதே இருக்கட்டும்னா, அப்புறம் வகுப்பும் சாருக்கே போறதுதான் முறை," என்றார் அன்னம்மா. அவர் யார் பக்கமும் இல்லை. பாரம் நிரம்பினால் அவருக்குப் போதும். "யாரு நோக்கமோ அவங்க பாடம். நீங்க நன்னெறியும் உடற்கல்வியும் எடுத்துக்கலாம் ராகினி. என்ன சொல்றீங்க?"

நன்னெறியும் உடற்கல்வியும். அவளுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: ஒரு பொருளைப் பார்த்து, அங்கே இருப்பதை மட்டும் தாளில் வைப்பது. மற்றதையெல்லாம் எல்லோரையும் போலச் செய்வாள். இந்த அறை போனால் ஓய்வு பெறும்வரை எல்லோரையும் போல ஒரு டீச்சர்.

கதவு திறந்திருந்தது. வெளியே ஐந்து சோடிச் செருப்பும் சப்பாத்தும் கிடந்தன. வகுப்பு நாளில் அங்கே இருபத்து மூன்று சோடி கிடக்கும். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே கம்பெனி, எல்லாம் ஹபீபுல்லா கடையில் வாங்கியவை. மணி அடித்தால் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். பத்து விநாடியில் ஆளாளுக்குத் தன் சப்பாத்தில் கால் நுழைந்திருக்கும். ஒரு நாளும் மாறியதில்லை.

"வேற எழுதிக்கிறேன் டீச்சர்," என்றாள் ராகினி. "மாணவர்கள் தங்களோட இடது சப்பாத்தப் பாத்து வரைவாங்க. பேரு எழுதாத அந்தப் படத்த வச்சு, தெரியாத ஒருத்தர் இருபத்து மூணு சப்பாத்துல சரியான சப்பாத்த எடுக்கணும்."

பக்கத்துத் தொழிற்சாலையில் காற்றை இறக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாம் கறுப்பு சப்பாத்தும்மா," என்றார் ஹபீபுல்லா. கடைக்காரருக்கு உண்மையாகவே கவலை. "எல்லாம் நம்ம சரக்கு. வித்த எனக்கே வித்தியாசம் தெரியாது."

"அப்ப நீங்கதான் பாய் எடுக்கணும்," என்றார் சிவசாமி. அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "எத்தன பேரு டீச்சர்?"

"பதினெட்டு."

"எழுதிக்குங்க திவாகர். சூழல்?"

ராகினி யோசிக்கவில்லை. "காட்சிக்கலை அறையில்," என்றாள்.

திவாகர் எழுதினார். முதல் அரையாண்டு முடிவதற்குள் பதினெட்டு வந்தால் வகுப்பு அவளுக்கு, வராவிட்டால் அடுத்த பாதியிலிருந்து சிவசாமிக்கு என்று அன்னம்மா சொன்னார். அதையும் எழுதினார்.

மூன்று மாதத்தில் அந்த வகுப்பில் நடந்ததில் பார்க்க அழகாக எதுவும் இல்லை. முதல் வாரம் எல்லோரும் வரைந்தது சப்பாத்தே இல்லை, சப்பாத்து விளம்பரம். பக்கவாட்டுத் தோற்றம், முனையில் ஒரு வெள்ளைப் பளபளப்பு. ராகினி பென்சில்களைப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். பத்து நிமிஷம் சும்மா பார்க்கச் சொன்னாள். கொட்டாவி விட்டார்கள். ஒருவன் சப்பாத்துக்குள் மூக்கை விட்டுவிட்டு, செத்துப்போனதுபோல் விழுந்து காட்டினான். அடுத்த வாரம் மறுபடி பத்து நிமிஷம். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஒட்டுப்பட்டையின் நுனி எப்படிச் சுருண்டிருக்கிறது, மடிப்பு நேராக விழுகிறதா சாய்வாகவா, உன் காலில் எந்த விரல் மேலே தள்ளுகிறது. சொல்லச் சொன்னாள். சொன்ன பிறகுதான் பென்சில்.

ஒரு மாதம் கழிந்து புவனேஷ் என்ற பையன் சண்டைக்கு வந்தான். "டீச்சர், நேத்து இந்த மடிப்பு இல்ல. யாரோ என் சப்பாத்தப் போட்டுருக்காங்க!" யாரும் போடவில்லை. நேற்று அவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போகும்போது ராகினிக்கு முதல்முறையாகப் பதினெட்டு வரும் என்று தோன்றியது.

தேவிஸ்ரீ மட்டும் அசையவில்லை. முப்பத்தெட்டுக் கோப்பையில் ஐந்து அந்தப் பெண் வாங்கியது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். நிழல், பளபளப்பு, தையல் புள்ளிகள், எல்லாம் அச்சு மாதிரி.

"பாத்தியாம்மா?" என்று கேட்டாள் ராகினி.

"வரைஞ்சிட்டேன் டீச்சர்."

"அது தெரியுது. பாத்தியா?"

தேவிஸ்ரீ படத்தைத் தூக்கிக் காட்டினாள். கேள்வி அவளுக்குப் புரியவில்லை.

கடைசிப் படங்களை நான்கு வாரம் வரைந்தார்கள். ஒரு வியாழக்கிழமை முடித்து, பெயருக்குப் பதிலாக எழுத்து போட்டு, எந்த எழுத்து யாருடையது என்ற பட்டியலை உறையில் ஒட்டித் திவாகரிடம் கொடுத்தாயிற்று. மதிப்பீடு திங்கட்கிழமை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பெற்றோரின் கைப்பேசிக் குழுவுக்குத் தலைமையாசிரியை ஒரு செய்தி அனுப்பினார். "திங்கட்கிழமை ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் காட்சிக்கலை மதிப்பீடு நடைபெறும். மாவட்ட அலுவலர் வருகை தரக்கூடும். பிள்ளைகளைச் சுத்தமான சீருடை, சுத்தமான சப்பாத்துடன் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." பெரிய ஆள் யார் பள்ளிக்கு வந்தாலும் போகும் செய்திதான். பல வருஷமாக அதே வாசகம், நாள் மட்டும் மாறும். பெற்றோர் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். ராகினி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்து, படித்து, ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை காட்சிக்கலை அறையின் வெளியே சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. ராகினி பூட்டில் சாவியை விட்டுத் திருப்பினாள், திரும்பினாள், பார்த்தாள்.

ஒரு நூல் பிசிறு கிடையாது. ஒட்டுப்பட்டையில் ஒட்டியிருந்த பஞ்செல்லாம் ஊசியால் எடுத்தாயிற்று. தேய்ந்த இடத்தில் கறுப்பு மார்க்கர், அதன்மேல் பாலிஷ். இரண்டு ராத்திரி காற்றாடிக்குக் கீழே காய்ந்தவை. ஏழு சோடி புத்தம் புதுசு. அடிப்பக்கத்தில் விலைச் சீட்டு ஒட்டிய பசை இன்னும் இருந்தது.

புவனேஷ் தன் சப்பாத்தைத் தூக்கிக் காட்டினான். "டீச்சர், அம்மா நேத்து நைட் ஷிப்டு முடிச்சு நேரா கடைக்குப் போனாங்க. புதுசு!"

"நல்லா இருக்குடா," என்றாள் ராகினி. வேறு என்ன சொல்வது?

மணி எட்டுக்கு அதே ஐந்து பேர் அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மாவட்ட அலுவலர் வரவில்லை. ஒருநாளும் வந்ததில்லை. பிள்ளைகள் காலுறையோடு மண்டபத்தில் இருந்தார்கள். நீண்ட மேசையில் இருபத்து மூன்று இடது சப்பாத்துகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஓர் எண்; எந்த எண் யாருடையது என்ற பட்டியலும் திவாகரிடம். சுவரில் இருபத்து மூன்று படங்கள்.

"டீச்சர், தள்ளிப்போட முடியுமா?" என்று அன்னம்மாவிடம் கேட்டாள் ராகினி. "ஒரு வாரம் போதும். பிள்ளைங்க வரைஞ்சது இந்தச் சப்பாத்து இல்ல."

"ரிப்போர்ட்டு இன்னிக்கு மத்தியானம் போகணுமேம்மா."

"சுத்தமா அனுப்புங்கன்னு சொல்லிட்டீங்க."

"நீங்களும் கட்டைவிரல் போட்டீங்களே."

அன்னம்மா குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

சிவசாமி பாரத்தைப் புரட்டினார். "சூழல்னு ஒரு பெட்டி இருந்திச்சே. என்னா எழுதியிருக்கு? 'காட்சிக்கலை அறையில்.' வரைஞ்சப்ப இருந்த அதே நிலையில்னு நீங்க எழுதல. எழுதியிருந்தா நானே நிறுத்திருப்பேன்."

இரண்டாவது முறையாக அவர் சொன்னது சரி.

ஹபீபுல்லா எழுந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் கடையில் நல்ல கூட்டம். அந்தச் சந்தோஷம் முகத்திலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. முதல் படத்தின் முன்னால் நின்றார். மேசைக்கு வந்து ஒரு சப்பாத்தைத் தூக்கினார், கவிழ்த்தார், விரலை உள்ளே விட்டுப் பார்த்தார், வைத்தார். அடுத்தது. அடுத்தது. ஆறாவதில் நின்றார்.

"இது ஏ. இந்தப் புள்ள பின்பக்கத்த மிதிச்சு மிதிச்சு செருப்பு மாதிரி போடுது. படத்துல அந்த ஒடிசல் இருக்கு பாருங்க. பாலிஷ் போட்டா ஒடிஞ்சது நிமிருமா?"

திவாகர் உறையைப் பிரித்து வைத்திருந்தார். "சரி," என்றார்.

"இது குதி வெளிப்பக்கம் தேயுது. வளைஞ்ச காலு. எஃப்பு."

"சரி."

"இதுல சுண்டுவிரலு தள்ளிக்கிட்டு நிக்குது. ஒரு சைஸ் பெருசா எடுங்கன்னு சொன்னேன், அந்தம்மா கேக்கல. டி."

"சரி."

ராகினி மூச்சு விட்டாள். துணியில் அடித்த கறுப்பு போகும், வரும். காலின் எடை போகாது. பிள்ளைகள் பிசிறையும் பஞ்சையும் மட்டும் வரைந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். எடையையும் வரைந்திருந்தார்கள்.

ஒன்பதேகாலுக்குப் பழைய சப்பாத்துகள் பதினாறில் பதினான்கு சரியாக அமைந்துவிட்டன. மிச்சம் இரண்டு பழசு, ஏழு புதுசு, ஒன்பது படம். ஹபீபுல்லா ஒரு புதுச் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

"இதுல காலே போடல. எத வச்சுப் பாக்கறது?" என்றவர் சட்டென்று நெற்றியில் தட்டிக்கொண்டார். "இருங்க இருங்க. இதுல அஞ்சு நம்ம கடையில வாங்கினது. புதுசப் போட்டுக்கிட்டு, பழச அங்கனயே பொட்டியில போட்டுட்டுப் போயிருவாங்க. பொட்டி கடையிலதான் இருக்கும்."

எல்லோரும் சிவசாமியைப் பார்த்தார்கள்.

"எடுத்துட்டு வரச் சொல்லுங்க பாய்," என்றார் அவர். "சிவசாமி தடுத்தான்னு பேச்சு வரவேணாம்."

ஹபீபுல்லா கைப்பேசியில் மனைவியைக் கூப்பிட்டார். ரம்லாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "பொட்டியவா? நாத்தம் தாங்கலன்னு நேத்தே பழைய சாமான்காரன்ட்ட தூக்கிக் கொடுத்துட்டேனே! அதுக்கப்புறம் வந்தது ரெண்டு மூணு கிடக்கு. அத வச்சு என்னா பண்ணப் போறீங்க, சூப்பு வைக்கப் போறீங்களா?"

"கொண்டு வாடி. வெளயாடாத."

இருபது நிமிஷத்தில் ரம்லா காரில் வந்து, ஒரு பிளாஸ்டிக் பையை வாசலிலேயே நீட்டிவிட்டுப் போனார். மூன்று சோடி. கழுவாதவை. நாற்றம் உண்மைதான். திவாகர் மூன்றையும் மண்டபத்துக்குக் கொண்டுபோய், எது யாருடையது என்று பிள்ளைகளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். ஹபீபுல்லா மூன்றையும் மேசையில் வைத்து, ஒன்பது படங்களையும் பார்த்தார். இந்த முறை இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"கே. ஆர். எம். இது கொழந்தையும் கண்டுபிடிக்கும் லா."

"சரி. சரி. சரி," என்றார் திவாகர். ஆர் புவனேஷுடையது, சாய்ந்த மடிப்போடு. "பதினேழு."

இன்னும் ஒன்று வேண்டும். பழசில் இரண்டு மிச்சம். மிச்சமிருந்த ஆறு படங்களில் நான்கு அவற்றோடு ஒத்துப்போகவில்லை. ஒரு படம் மிக மங்கல், ஹபீபுல்லா தலையசைத்துவிட்டார். இன்னொன்று சுவரின் நடுவில் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே கண்ணைப் பிடித்து இழுத்தது. தையல் ஒவ்வொன்றும் தெரிந்தது. முனையில் பளபளப்பு.

ஹபீபுல்லா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். இரண்டு பழைய சப்பாத்துகளையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். பிறகு புதிய ஏழில் ஒன்றைத் தூக்கிப் படத்தோடு வைத்துப் பார்த்தார்.

"பாய், அது புதுசு," என்றார் திவாகர்.

"தெரியுது. ஆனா இந்தப் படம் இதோடதான் ஒத்துப் போகுது. இது கடையில டப்பாக்குள்ள இருக்கற சப்பாத்து. இதுல கால் போட்ட ஆளு யாரும் இல்ல." அந்தப் புதுச் சப்பாத்தின் எண்ணைப் படித்தார். "பதினொன்னு."

திவாகர் பட்டியலைப் பார்த்தார். "தப்பு. அது தேவிஸ்ரீ வரைஞ்சது. அவ சப்பாத்து நாலு."

சிவசாமி எழுந்துவிட்டார். "என்னா பாய் இது? நல்லாப் பாருங்க. இந்த ரூம்புல இதவிட நல்ல படம் எது? மாவட்டத்துல மூணு தடவ முதல் பரிசு வாங்கின கை. அத ஒரு மார்க்குன்னு கூட எடுத்துக்க மாட்டீங்களா?"

"நல்ல படம்தான் சார். நான் இல்லன்னு சொல்லல. யாரு சப்பாத்துன்னுதானே கேட்டீங்க?"

"ரெண்டுதான் பழசு மிச்சம் இருந்திச்சு. கொஞ்சம் யோசிச்சிருந்தா நாலு எடுத்திருப்பீங்க. புதுசத் தொட்டிருக்கவே கூடாது." அவர் அன்னம்மா பக்கம் திரும்பினார். காது சிவந்திருந்தது. "டீச்சர், இத சரின்னு எடுத்துக்கணும். இந்தப் புள்ள தப்புன்னு நம்ம பள்ளிக்கூடத்து ரிப்போர்ட்டுல போகக்கூடாது. என் வகுப்புல வளந்த புள்ள."

அன்னம்மா விரலை மடக்கிப் பார்த்தார். "எடுத்துக்கிட்டா பதினெட்டு."

சிவசாமி அதைக் கேட்டார். கேட்டது முகத்தில் தெரிந்தது. ஒரு கணம் கோப்பைகளைப் பார்த்தார். அப்புறமும் பின்வாங்கவில்லை. "ஆவட்டும். பதினெட்டுன்னே எழுதுங்க."

"டீச்சர் என்ன சொல்றீங்க?" என்று ராகினியைக் கேட்டார் அன்னம்மா. "எனக்கு ஆட்சேபம் இல்ல. பாய்க்கு?"

ஹபீபுல்லா கையை விரித்தார். "நீங்க படிச்சவங்க. எனக்கென்னா."

திவாகர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராகினியையே பார்த்தார். எழுத அவர் தயார்.

சரி என்று தலையை ஆட்டினால் போதும். வகுப்பு அவளுடையது, அறை அவளுடையது. கேட்டது அவளும் இல்லை. எதிர்த்து நின்றவரே தட்டில் வைத்து நீட்டுகிறார். ராகினி சுவரருகே போனாள். நான்காம் எண் சப்பாத்தை எடுத்துப் படத்தின் கீழே பிடித்தாள். தேவிஸ்ரீயின் சப்பாத்தில் கட்டைவிரல் இருக்கும் இடத்தில் துணி மெலிந்து, உள்ளேயிருந்து ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தது. கறுப்பு நூல், ஆனால் கைத்தையல். பதினோரு குத்து, கடைசி இரண்டு கோணல். ஆறு மாதமாவது ஆகியிருக்கும். படத்தில் அந்த இடத்தில்தான் வெள்ளைப் பளபளப்பு இருந்தது.

மூன்று மாதம் அந்தப் பெண் இதை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கப்பட்டு மறைத்திருந்தால்கூட, பார்த்திருக்கிறாள் என்று ஆகும். ராகினிக்கு நன்றாகத் தெரியும், மறைக்கவில்லை. கண்ணில் படவே இல்லை.

"சார், இதப் பாத்தீங்களா?" என்று சப்பாத்தைச் சிவசாமியிடம் நீட்டினாள்.

அவர் வாங்கித் தையலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மேசையில் வைத்தார்.

"தப்புன்னே இருக்கட்டும்," என்றாள் ராகினி. "பதினேழு."

"இன்னும் ஒருதரம் யோசிச்சுக்குங்க," என்றார் அன்னம்மா.

"இதையும் சரின்னு எடுத்துக்கிட்டா மத்த பதினேழும் சும்மா டீச்சர். நாலையும் பதினொன்னையும் ஒன்னுன்னு எழுத என் கை வராது."

திவாகர் எழுதினார்: அடைந்தோர் பதினேழு. நோக்கம் அடையப்படவில்லை. எழுதிய பிறகு பேனாவின் மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அரையாண்டு விடுமுறைக்கு முந்திய நாள் மத்தியானம் அறையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ராகினி தன் பென்சில் டப்பாவையும், இரண்டு கத்தரியையும், ஒரு ரோல் ஒட்டுத்தாளையும் அட்டைப்பெட்டியில் வைத்தாள். படங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தாயிற்று. தேவிஸ்ரீயுடையது மட்டும் இன்னும் சுவரில் இருந்தது. அவள் வாங்கிக்கொள்ள வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

சிவசாமி வாசலில் நின்றார், காலுறையோடு.

"பதினெட்டுன்னு ஏன் போட்டீங்க? பதினஞ்சு போட்டிருந்தா அன்னிக்கே தப்பிச்சிருப்பீங்க."

"பதினஞ்சு பேரு எப்படியும் செஞ்சிருவாங்கன்னு தோணுச்சி சார்."

"அப்ப?"

"அப்ப எதுக்கு மூணு மாசம்?"

அடுத்த பாதிக்கான பாரம் அவர் கையில் இருந்தது. முதல் பெட்டியில் பழைய வாக்கியமே தட்டச்சாகியிருந்தது, வெள்ளை தெரியாமல் தாளை நிரப்புவது. இரண்டாவது பெட்டியில் 'போட்டிச் சூழலில்' என்பதைப் பேனாவால் அடித்திருந்தார். அடித்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை.

"சூழல் பெட்டியில நீங்க என்னா எழுதியிருக்கணும்?" என்றார் அவர். "கேக்கறேன், சும்மா."

"இப்பக் கேட்டா, 'யாரும் சப்பாத்தத் துடைக்கக்கூடாது'ன்னு."

சிவசாமிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. சாவிக்குக் கையை நீட்டினார். ராகினி வளையத்திலிருந்து அந்த ஒரு சாவியை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்றிக் கொடுத்தாள். பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒற்றைக் காலில் நின்று சப்பாத்தை மாட்டினாள். உடற்கல்விக்காக வாங்கிய புதுச் சப்பாத்து, குதிகாலில் கடித்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு மாறும் மணி அடித்தது.

அவள் நான்கு வகுப்பறை தாண்டும்வரை பின்னால் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பிறகு சிவசாமி கதவை இழுத்துச் சாத்தினார். சாவி ஒருமுறை திரும்பியது. பூட்டு விழுந்துவிட்டதா என்று கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். விழுந்திருந்தது.